மண்ணில் கால் வைக்காத பிள்ளையின் ரத்தம்

'இல்லை' என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் மருந்தகத்தில் ரத்தம் பார்த்த பெண் அவர். ரத்தத்தில் மலேரியாக் கிருமி உண்டா என்று கேட்டால், மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, "எனக்குக் காணலீங்க" என்பார். "அப்படின்னா இல்லைதானே?" என்று கேட்டாலும் அதே பதில்தான் மறுபடி வரும். முதல் சில மாதங்கள் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

கொல்லிமலைக் காட்டுக்குள் இருக்கும் அம்மன் சிலை ஆளைப் பார்த்துச் சிரிக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு நோன்பு முடிந்த மறுநாள், மருந்தகத்துக்கு வந்த பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீயும் போயிருந்தியே அக்கா, அம்மன் உன்னையப் பாத்துச் சிரிச்சுதா?"

"நான் நின்ன நேரத்துல காணலை கண்ணு."

"ஐயோ, அப்படிச் சொல்லாத. சாமி குத்தம் ஆயிரும்."

"சிரிக்கலைன்னு சொன்னனா? நான் காணலைன்னுதான சொன்னேன். நான் வந்தப்புறம் சிரிச்சிருக்கும். அத்தனை பேரு நின்னா அதுக்கும் அலுப்பு இருக்காதா?"

பெண்கள் சிரித்தார்கள். உள்ளே இருந்த நானும் சிரித்தேன்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. தெரியாமல் இல்லை. ஐந்து ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டிய பெயர் அது. அங்கே எழுதாமல் விட்டுவிட்டு இங்கே எழுதுவது முறையாகப் படவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்த மலைக்கு மருத்துவனாகப் போனேன். அப்போது மேலே வண்டிப் பாதை கிடையாது. அடிவாரத்தில் அப்போதுதான் பாறையை உடைக்க ஆரம்பித்திருந்தார்கள். புளியஞ்சோலையிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். மருந்துப் பெட்டிகள் தலைச்சுமையாக வரும். ஓடு வேய்ந்த இரண்டு அறைகள்தான் மருந்தகம். நான், ஒரு கம்பவுண்டர், அவர். அவருடைய பதவி ஆயா. தரை கூட்டுவதும் ஊசிகளைக் கொதிக்க வைப்பதும் பிரசவத்துக்குத் துணை நிற்பதும் அந்தப் பதவியின் வேலைகள். ரத்தம் பார்க்கும் பதவிக்கு ஆள் போடவே இல்லை. அவர் சிறுமியாக இருந்தபோது கீழ்நாட்டில் பாதிரிமார் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவர். முதலில் ரத்தம் தடவிப் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகளைக் கழுவினார், பிறகு சாயம் போட்டார், அப்புறம் பார்க்கவும் பழகிவிட்டார். எட்டாம் வகுப்புப் படிப்பு. என்னைவிட ஒரு வயது இளையவர். கல்யாணம் ஆனவரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

நான் அவரை 'ஏம்மா' என்று கூப்பிடுவேன். மலைக்காரர்கள் 'ரத்தம் பாக்குற அக்கா' என்பார்கள்.

மைக்ராஸ்கோப் கிழக்குச் சன்னலை ஒட்டி இருந்தது. வெயிலைக் கண்ணாடியில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். மேகம் குறுக்கே வந்தால் கையைக் கண்ணாடி மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மழைக்காலத்தில் மூடுபனி நாள் முழுக்க விலகாது. "பெட்ரோமாக்ஸ் ஏத்திப் பாரேம்மா" என்று ஒருமுறை சொன்னேன். "அந்த வெளிச்சத்துல நீலம் பச்சையாத் தெரியுமுங்க. நாளைக்கு வெயில் வரட்டும்" என்றார். இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். ஒரு கண்ணை மூடினால் மற்றது சீக்கிரம் களைத்துவிடும் என்பார். பக்கத்தில் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான ஆபீஸ் பென்சில் ஒன்று இருக்கும். சந்தேகமான எதையாவது கண்டால் பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து வைப்பார்.

ஊசி விஷயத்திலும் இதே குணம்தான். "கொதிச்சிடுச்சு, எடும்மா" என்பேன். "ஆவி கண்டேனுங்க. கொப்புளம் இன்னும் காணலீங்க" என்று நிற்பார். வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். கம்பவுண்டர், "இந்தம்மாவ எமன் வந்து கூப்பிட்டாலும் உசுரு போறத நான் இன்னும் காணலீங்கன்னு அனுப்பி வெச்சிரும்" என்று கேலி பேசுவார். அவரும் சேர்ந்து சிரிப்பார். கொப்புளம் வந்த பிறகுதான் ஊசி என் கைக்கு வரும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்குக் கிட்டப்பார்வை. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். அதனால் அவர் கண்ணுக்குப் பொருந்திய இடத்தில் எனக்கு எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். பக்கத்துத் திருகைச் சற்றுத் திருப்பினால்தான் தெளியும். நான் பார்த்து எழுந்த பிறகு அவர் அதைத் தன் கண்ணுக்கு மறுபடி திருப்பிக்கொள்வார். ஒரு நாளைக்குப் பல முறை இது நடக்கும். நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை.

நான் ஓர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். மலைமக்கள் ரத்தம் வெளுத்துப் போவதற்குக் கொக்கிப்புழுதான் காரணம். வெறுங்காலோடு நடப்பதால் மண்ணிலிருந்து கால் வழியாகப் புழு ஏறுகிறது. மருந்து கொடுத்து, செருப்புப் போடச் சொல்லி, கக்கூஸ் கட்டினால் தீரும் என்பது அதன் சாரம். அது பொய்யில்லை. பெரும்பாலானவர்களுக்கு அதுதான் நோய். மேற்படிப்புக்கு இடம் கேட்டிருந்தேன். அறிக்கையை மேலதிகாரி படித்துப் பாராட்டியிருந்தார், இன்னும் சில மாதங்களில் முடித்து அனுப்பச் சொல்லியிருந்தார். அதில் இருந்த ஒவ்வொரு எண்ணும் அவர் அந்தச் சன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தது. 'பரிசோதிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தேன். யார் பரிசோதித்தார் என்று அந்தச் சொல் யாரையும் கேட்க வைக்காது.

அந்தப் பையனை வாழவந்தி நாட்டுப் பக்கமிருந்து அவன் அம்மா இடுப்பில் தூக்கி வந்தாள். ஆறு வயது. அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பையனுக்குக் காலையில் முகம் வீங்கும், சாயங்காலம் கால் வீங்கும். சிறுநீர் குறைந்திருந்தது. உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துக்கொள்கிறான் என்றாள். சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. வெளுப்புக்குக் கொக்கிப்புழு என்று முடிவு செய்தேன். வாயைத் திறக்கச் சொன்னபோது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே நீலம் பாரித்த ஒரு மெல்லிய கோடு இருந்தது. பல் தேய்க்காத பிள்ளை என்று நினைத்தேன். அப்படி நினைக்க முயன்றேன் என்பதே சரி. அந்த நீலக் கோடு எதன் அடையாளம் என்று கல்லூரியில் படித்திருந்தேன்.

மறுநாள் காலை அவர் சன்னலோரத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க, இந்தப் பையன் ரத்தம் ஒரு தினுசா இருக்குதுங்க. சிவப்பணு ஓரம் வழவழன்னு காணலீங்க. பலாப்பிஞ்சாட்ட முள்ளு முள்ளா இருக்குது."

"சிறுநீரகம் கெட்டால் அப்படி வரும். எழுதிக்கோ."

"அது சரிங்க. இன்னொண்ணும் இருக்குது. சில அணுவுக்குள்ள கடுகைப் பொடிச்சுத் தூவினாப்பல புள்ளிங்க."

"மலேரியாவா இருக்கும்."

"அந்தப் புள்ளி செவப்புங்க. கூடப் பூச்சியும் இருக்கும். இது நீலமுங்க. பூச்சி எனக்குக் காணலீங்க."

நான் எழுந்து போகவில்லை. "ஊத்துத் தண்ணியில ஸ்லைடு கழுவினா சாயம் திரிஞ்சு அப்படித்தான் கறை விழும்" என்றேன். அவர் பென்சிலின் நீல முனையால் வரைந்துகொண்டிருந்தார்.

அந்த வார விடுமுறையில் அவர் மலை இறங்கிப் போனார். தான் பழகிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெரிய சீசா காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி, அதைத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மறுநாள் ஏறி வந்தார். வந்ததும் என்னிடம், "ஐயா, விரலைக் குடுங்க" என்றார். குத்தி ஒரு சொட்டு எடுத்துக்கொண்டார். தன் விரலிலும் எடுத்தார். பையனை வரச் சொல்லியிருந்தார். அவன் விரலிலும் எடுத்தார். மூன்று சில்லுகளையும் ஒரே சாயத்தில் நனைத்து அந்தத் தண்ணீரிலேயே கழுவினார். வெயில் வரும்வரை காத்திருந்து பார்த்தார்.

"உங்க ரத்தத்துல காணலீங்க. என் ரத்தத்துலயும் காணலீங்க. பையன் ரத்தத்துல இருக்குதுங்க."

இதைவிட நல்ல சோதனையை என் படிப்பில் யாரும் எனக்குக் கற்றுத் தந்ததில்லை. நான் சொன்னது இதுதான்: "சரி, அதை அப்படி வை. வெளியே கூட்டம் நிக்குது."

என் அலமாரியில் ரத்தத்தைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அதில் வண்ணப் படம் போட்ட பக்கம் எது என்றும் எனக்குத் தெரியும். எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

அவர் அதோடு விடவில்லை. அந்த வீட்டுக்கே போய்விட்டு வந்தார். அந்தப் பக்கத்து வயல்களில் சாமை கதிர் வாங்கும் காலத்தில் காட்டுப்பன்றி இறங்கும். அதற்காக வீட்டுக்கு வீடு நாட்டுத்துப்பாக்கி வைத்திருப்பார்கள். துப்பாக்கிக்கு வேண்டிய ரவைக் குண்டுகளைக் காரீயத்தை உருக்கி ஊற்றிச் செய்துகொள்வார்கள். அந்த ஊர் முழுமைக்கும் ரவை ஊற்றிக் கொடுப்பது பையனின் வீடுதான். முன்பெல்லாம் எப்போதாவது சந்தையில் ஒரு துண்டு காரீயம் கிடைக்கும். அடிவாரத்தில் ரோடு வேலைக்கு லாரிகள் வந்த பிறகு, செத்துப்போன பேட்டரிகளைத் தூக்கி எறிந்தார்கள். பையனின் அப்பா அவற்றைப் பொறுக்கிச் சுமந்து வந்து, வீட்டுக்குள்ளேயே உடைத்து, தகடுகளைச் சோறாக்கும் அடுப்பிலேயே உருக்கினான். வெளியே காற்றுக்குத் தீ நிற்காது, போலீஸ்காரர் கண்ணிலும் பட்டுவிடும் என்பது காரணம். பையன் அந்தப் பொடியில்தான் விளையாடினான்.

"இன்னொண்ணும் கண்டேனுங்க" என்றார் அவர். "அந்தப் பொண்ணு மசக்கைக்கு அடுப்பு மண்ணைப் பேத்துத் திங்குது. பையன் வயித்துல இருந்தப்பவும் தின்னுச்சாம். 'மத்த ஊட்டு மண்ணு சப்புனு இருக்கும், எங்கூட்டு அடுப்பு மண்ணு இனிக்கும் அக்கா'ங்குது. நானும் ஒரு துளி நாக்குல வெச்சுப் பார்த்தேனுங்க. இனிக்குதுங்க."

மண் இனிக்காது. காரீயம் வெந்து பொடியானால் இனிக்கும். ஈறில் நீலக் கோடும் ரத்தத்தில் நீலப் புள்ளியும் அதன் வேலைதான் என்பதைப் போல, அதையும் நான் படித்திருந்தேன்.

"நீ சொல்லிப் பார்த்தியா?"

"சொன்னேனுங்க. மாமியாக்காரி, 'ஆயா சொல்லி நாங்க அடுப்பை இடிக்கோணுமா, டாக்டரு சொல்லட்டும்'னுட்டா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க. பெரியவனுக்கு எப்படியோ எனக்குத் தெரியலீங்க. வயித்துல இருக்கறதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்குதுங்க."

நாலு மாதம் இருந்தது. அதைப் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அப்போது மூன்று காரணங்கள் வைத்திருந்தேன். துப்பாக்கி விஷயத்தில் தலையிட்டால் ஊர் என்னைப் பகைத்துக்கொள்ளும். கொல்லிமலையில் காரீய நஞ்சு என்று ஒருவர்கூட எழுதியதில்லை. நான் எழுதினால் சிரிப்பார்கள். ஓர் ஆயா கண்டதை வைத்து எழுத முடியாது. மூன்றும் உண்மை போலத்தான் இருக்கின்றன. நான்காவது ஒன்று உண்டு. அந்தப் பையன் என் அறிக்கையில் கொக்கிப்புழுவுக்கு எடுத்துக்காட்டாக ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தான். அந்தப் பத்தி எனக்கு நன்றாக வந்திருந்தது.

அந்த வீட்டுக்காரர்கள் எனக்கு அவ்வப்போது பன்றிக்கறி கொடுத்தனுப்புவார்கள். சாப்பிடும்போது சில சமயம் பல்லில் ரவை கடிபடும். எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடுவேன்.

பிரசவத்துக்கு அவர்தான் போனார். பெண் குழந்தை. எடை குறைவு, அழுகை சன்னம். மறுநாள் காலை வெயில் ஏறும் நேரத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லோடு வந்தார். குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம். சாயம் போட்டு, காய வைத்து, பார்த்துவிட்டு, வெளி அறைக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார். எதிரில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எப்போதும் அப்படி வந்து நிற்க மாட்டார்.

"நீங்க வந்து பார்க்கோணுங்க."

"அப்புறம் பார்க்கிறேன்."

"இல்லீங்க, இப்பவே பாருங்க. வெயில் நல்லா இருக்குது."

அவர் வாயில் நான் கேட்ட ஒரே 'இல்லை' அதுதான். முதல் வரியில் நான் எழுதியது தவறு. இப்போதுதான் நினைவு வருகிறது. அடித்து எழுத மனமில்லை, இருக்கட்டும்.

எழுந்து போனேன். சன்னலோரம் நின்றபடி அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அதே நீலப் புள்ளிங்க. கொக்கிப்புழுன்னு எழுதியிருக்கீங்க. அது கால் வழியா ஏறும்னு நீங்கதான் எல்லாருக்கும் சொல்றீங்க. இந்தப் புள்ளை இன்னும் மண்ணுல காலே வெக்கலீங்களே."

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். குனிந்து கண்ணை வைத்தேன். வெளிச்சமான வட்டம் ஒன்று, அதற்குள் கலங்கலாக இளஞ்சிவப்பு. பக்கத்துத் திருகு என் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை நான் தொடவில்லை. பத்து எண்ணும் நேரம் அப்படியே இருந்துவிட்டு நிமிர்ந்தேன்.

"சாயக் கறை" என்றேன்.

அவர் திருகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, தானும் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தச் சில்லின் ஓரத்தில் ஊசி முனையால் நாளையும் அம்மாவின் பெயரையும் கீறி, பெட்டியில் வைத்தார். அவர் உட்கார்ந்து பார்த்தபோது திருகைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. அது அவர் கண்ணுக்கே பொருந்தி இருந்தது.

அடுத்த மாதம் பையனுக்கு வலிப்பு வந்தது. அப்பா அவனைத் தொட்டில் கட்டிச் சுமந்து கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். பையன் நான்கு நாள் இருந்து அங்கேயே இறந்துபோனான். ஆனால் அங்கிருந்த மருத்துவர் அவன் வாயைத் திறந்து பார்த்திருக்கிறார், ரத்தத்தையும் பார்த்திருக்கிறார். வீட்டில் என்ன உருக்குகிறீர்கள் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார். அப்பா திரும்பி வந்த அன்றே அடுப்பை இடித்துவிட்டான். ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

கீழேயிருந்து கடிதம் போனதால் மேலதிகாரி மலை ஏறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டு, என்னைக் கேட்டார். இங்கே ரத்தம் பார்த்தபோது அப்படி எதுவும் இல்லை என்று சொன்னேன். எனக்கு அந்தச் சொல் சுலபமாக வந்தது.

"ரத்தம் பார்த்தது யாரு?"

கதவோரம் நின்றிருந்த அவர், "நானுங்க" என்றார்.

"நீ யாரு?"

"ஆயாங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். "என்ன இருந்தது?"

"முள்ளு கண்டேனுங்க. நீலப் புள்ளி கண்டேனுங்க. பொறந்த புள்ளை ரத்தத்துலயும் நீலப் புள்ளி கண்டேனுங்க."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேனுங்க."

"அவர் பார்த்தாரா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். கோபத்தில் யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. கிருமி உண்டா என்று நான் கேட்கும்போது இன்னும் ஒரு வட்டம் பார்ப்பாரே, அதே முகம்.

"கண்ணை வெச்சாருங்க. பார்த்ததை நான் காணலீங்க."

அதிகாரிக்கு அது திமிராகப் பட்டது. எனக்கு அது என்னவென்று தெரியும். நான் வாயைத் திறந்து, "சார், இவங்க ஆயா. சாயம் போடுறது சுமாராத்தான் தெரியும். கறையைப் பார்த்து ஏதாவது சொல்லுவாங்க" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் இருந்தது.

படிக்காத ஆயாவை மைக்ராஸ்கோப்பைத் தொட விட்டது என் தவறு என்று வாய்மொழியாக எச்சரித்தார்கள். அவரைச் சமவெளியில் வேறொரு மருந்தகத்துக்கு மாற்றினார்கள். தரை கூட்டுவதும் ஊசி கொதிக்க வைப்பதும் தவிர வேறு வேலை தரக்கூடாது என்ற வரியோடு உத்தரவு வந்தது. அந்த வரியை வரைவு எழுதிக் கொடுத்தது நான்.

அவர் கிளம்பிய காலை, லென்ஸுகளை மெல்லிய தாளால் துடைத்து, சில்லுகளை வரிசையாக அடுக்கி, சாயப் புட்டிகளை மூடி வைத்தார். தகரப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எண்ணெய் லென்ஸைத் துணியில துடைக்காதீங்க. கீறிரும்."

"சரிம்மா."

"வாரேனுங்க."

கம்பவுண்டர் பாதி வழிவரை கூடப் போய்விட்டு வந்து மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கேலியும் பேசவில்லை.

எனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. நான் மலையை விட்டு இறங்கியபோது அந்தப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு சில்லை எடுத்துக்கொண்டேன், யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காக. அன்று எடுத்ததற்கு வேறு நல்ல காரணம் இருந்ததாகச் சொன்னால் அது பொய்.

பத்து ஆண்டுகள் கழித்து வேறொரு வேலையாக அங்கே போனேன். அப்போது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிக்கொண்டிருந்தது. பையனின் அம்மா என்னை அடையாளம் கண்டு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பலாச்சுளை வைத்தாள். புது அடுப்பு, முற்றத்தின் மறுகோடியில். அந்தப் பெண் குழந்தை வளர்ந்து வாசலில் உட்கார்ந்து மிளகுச் சரத்தை உதிர்த்துக்கொண்டிருந்தாள். அழகான முகம். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த நொடி மறுபடி புதிதாகப் பார்ப்பது போலச் சிரித்தாள்.

"இவளுக்கு மூணுக்கு மேல எண்ண வராது சாமி" என்றாள் அம்மா. "பள்ளிக்கூடத்துல வேண்டாம்னுட்டாங்க. சொன்ன வேலையச் செய்யும். எங்க காலத்துக்கு அப்புறம் யாரு பாப்பாங்கன்னுதான் ரோசனை. உசுரோட இருக்குதே, அது போதும். அன்னிக்கு நீங்க எல்லாம் இருந்து பாத்துக்கிட்டீங்க."

நான் சுளையைத் தின்றேன். ஒரு வார்த்தை சொல்ல அன்றும் நேரம் இருந்தது. சொல்லவில்லை.

அந்த அம்மாவே ஒரு தகவல் சொன்னாள்: "ரத்தம் பாக்குற அக்கா ரெண்டு மூணு தரம் கீழயிருந்து நடந்தே வந்து இவளப் பாத்துட்டுப் போச்சு. வந்து இவ கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ஒண்ணும் பேசாது. அப்புறம் வரலை." அவர் எங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் விசாரித்திருக்கலாம். அரசாங்கத்தில் ஓர் ஆயாவைத் தேடிக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை.

எனக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. போன மாதம் பழைய பெட்டி ஒன்றை ஒழித்தபோது அந்தச் சில்லு பஞ்சில் சுற்றியபடி கிடைத்தது. ஓரத்தில் அவர் கீறிய நாளும் பெயரும் அப்படியே இருந்தன. எங்கள் தெருவில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்து, பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவள் எண்ணெய் விட்டு, விளக்கைப் போட்டு, சிறிது நேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க டாக்டர். சாயமெல்லாம் போயிடுச்சு. ரொம்பப் பழசு போல."

"நான் பார்க்கலாமா?"

நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். பக்கத்துத் திருகைத் தேடிப் பிடித்து, மெதுவாக, தெளியும்வரை திருப்பினேன். ஒரு நாள் வயதுக் குழந்தையின் சிவப்பணுக்கள், வெளிறிப்போய், ஒன்றையொன்று தொட்டபடி கிடந்தன. ஒரு வட்டம் முடித்து அடுத்ததற்கு நகர்த்தினேன். இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டேன். அந்தப் பெண், "போதுங்களா டாக்டர்?" என்று இரண்டு முறை கேட்டாள்.

நீலப் புள்ளிகளை நான் காணவில்லை. அவை இருந்தன.